ஒலிபெருக்கி வழக்கு

நேசராணியின் தொழில் என்னவென்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் பதுளையில் அதிகம் பேர் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அவள் அம்மா, கேட்பவர்களிடமெல்லாம், "எம் மக கோர்ட்டு வேலையில இருக்கா. மத்தவங்க எழுதுன கடுதாசிய எல்லாம் கம்பியூட்டர்ல படிக்கிறா," என்று பெருமையாகச் சொல்லுவாள். கேட்டவர்கள் அடுத்த முறை நேசராணியைக் கண்டால் ஒரு மாதிரி ஒதுங்கிப் போவார்கள்.

அம்மா சொன்னதிலும் பெரிய பிழை இல்லை. கல்யாணத்துக்கு முன் கொழும்பில் ஒரு கம்பனியில் அவள் சில வருடங்கள் வேலை பார்த்திருந்தாள். வெளிநாட்டில் இரண்டு நிறுவனங்கள் வழக்காடினால், அவற்றின் கணினிகளில் கிடந்த மின்னஞ்சல்களும் கடிதங்களும் மலைபோல அந்தக் கம்பனியில் வந்து இறங்கும். வழக்குக்கு வேண்டியது, வேண்டாதது, சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே இரகசியமாக இருப்பதால் எதிர்த்தரப்புக்குக் காட்டக்கூடாதது என்று அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். பெரிய மண்டபம் நிறையப் பெண்களும் பையன்களும் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். ஒரு சந்தேகம் வந்தால் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் போதும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

ஜொனியைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு வந்த பிறகு அப்படித் திரும்பிப் பார்க்க யாரும் இல்லாமல் போய்விட்டது. சட்டத்தரணி ஞானேஸ்வரி, தட்டச்சுக்கு ஒரு பெண் வேண்டுமென்றுதான் அவளை வேலைக்கு எடுத்தார். அவளுக்கு வேறு என்ன தெரியும் என்று தெரிந்ததும் தட்டச்சை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கணினியோடு வரும் வழக்குகளையெல்லாம் நேசராணியின் மேசையில் வைக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு, 2004இல், அப்படிப்பட்ட வழக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வர ஆரம்பித்திருந்தன. எல்ல என்ற மலையூர்ப் பக்கத்தில் விருந்தினர் விடுதி நடத்திய இரண்டு பங்காளிகள் பிரிந்து போன வழக்கு அதில் ஒன்று. வெளிநாட்டுப் பயணிகளுக்கு யார் யாருடைய பெயரில் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் விடுதிக் கணினியின் மின்னஞ்சல்களுக்குள்தான் இருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். ஜொனி தன் வாடகை வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஒரு கடிதத்த கம்பியூட்டர்ல தொறந்து பாத்தாலே அதோட தேதி மாறிப் போகுது. அப்புறம் அது எப்ப எழுதுனதுன்னு கோர்ட்டுல எப்படிச் சொல்றது?"

ஜொனி குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தான். "என்னயவா கேக்குற?"

"வேற யாரக் கேக்குறது?"

அவன் யோசித்தான். "வேன்ல எனக்கு ஒண்ணு புரியலைன்னா ஸ்டேண்டுல நாலு பேரக் கேப்பேன். எங்களுக்குச் சங்கம் இருக்கு. ஒனக்கும் ஒண்ணு வச்சுக்க வேண்டியதுதானே?"

"யார வச்சு?"

"ஒன்ன மாதிரி இந்த ஊவா மாகாணத்துல இன்னும் ஆள் இருக்க மாட்டாங்களா என்ன?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த வாஹித்திடம் போய், ஒரு விளம்பரம் ஒட்ட இடம் கேட்டாள். 'வழக்குகளுக்காகக் கணினியில் உள்ள ஆவணங்களைத் தேடுவோர், பிரிப்போர், நகலெடுப்போர் ஒன்றுகூட விரும்பினால்' என்று எழுதித் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் போட்டிருந்தாள். வாஹித் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதுல நகலெடுக்கிறவனும் சேத்தியா தங்கச்சி?"

"ஆமாங்க."

"அப்ப நானும் சேத்திதான். லோயர்மாருக்கு ஹார்ட் டிஸ்க் கொப்பி பண்ணிக் குடுக்கிறவன் நான்தானே. அதுக்கு ஒரு பேர் இரிக்கின்டு இண்டைக்குத்தான் தெரியும்."

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர்கள் வேறு வகை. அழிந்துபோன கல்யாண வீடியோவைத் தேடித் தரும்படி ஒருவர் வந்தார். தன் மச்சானின் மின்னஞ்சலைத் திறந்து காட்ட முடியுமா என்று இன்னொருவர் இரகசியமாகக் கேட்டார். நேசராணி அலுத்துப்போய் விளம்பரத்தைக் கிழித்துவிடலாமா என்று இருந்தபோது மொனராகலையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் ஸல்மா. அங்கே ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் இதே வேலையைத் தனியாகச் செய்கிறவள். பதுளைக்கு வந்த உறவினர் ஒருவர் விளம்பரத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, நீங்க உண்மையாவே இரிக்கிறீங்களா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

அதே வாரத்தில் பண்டாரவளையிலிருந்து சேந்தன் என்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். தகப்பனார் தபால் அதிபராக வேலை மாறி வந்ததால் மலைநாட்டிலேயே தங்கிவிட்டவர். ஒரு சட்டத்தரணியிடம் கணினி வேலை பார்க்கிறார். இரண்டே வரியில் எழுதியிருந்தார்: 'விளம்பரம் கண்டேன். சந்திப்பது பயனுள்ளதாக இருக்கும்.'

பண்டாரவளை எல்லோருக்கும் நடுவாக இருந்ததால், ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு தேநீர்க்கடையின் மேல்மாடியை ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி வைத்தார்கள். நேசராணியும் வாஹித்தும் காலை ரயிலில் போனார்கள். ஸல்மா விடியுமுன்னே பஸ் ஏறி வந்திருந்தாள். நெடிய, ஒல்லியான, சட்டைக்கையை மணிக்கட்டுவரை பூட்டியிருந்த சேந்தன் எல்லோருக்கும் முன்பே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

பிளேன்டீ வந்தது. மீன் அடைத்த மாலுபணிஸ் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

"எங்கட ஒஃபீஸ்ல ஒரு கேஸ். ஒரு சீனி மொத்த வியாபாரி..." என்று ஸல்மா தொடங்கினாள்.

"வேண்டாம்," என்று சேந்தன் கையை உயர்த்தினார். "ஆரெண்டு சொல்லாதேங்கோ. சொன்னால் உங்களுக்கும் கரைச்சல், கேட்ட எங்களுக்கும் கரைச்சல்."

அவர் சொன்னது சரிதான். இந்தத் தொழிலில் கால் வைத்த நாளிலேயே வாயைப் பூட்டிவிடுகிறார்கள். கொழும்பில் நேசராணியும் கையெழுத்து வைத்துக் கொடுத்தவள்தான். பேசுவதற்கென்று கூடியவர்கள், பேசக்கூடாத ஒன்றைத் தவிர வேறு எதையும் பொதுவாக வைத்திருக்கவில்லை. வாஹித் பண்டாரவளைக் குளிரைப் பற்றிச் சொன்னார். ஸல்மா பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள்.

பஸ் பேச்சும் முடிந்ததும் நேசராணி, "நான் பதுளையில ஞானேஸ்வரி மேடத்துக்கிட்ட வேலை செய்றேன்," என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

சேந்தன் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது. எல்ல விடுதி வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பண்டாரவளைக்காரர். அவருடைய கணினி ஆள் இவர்தான்.

"குறை நினையாதேங்கோ. நான் போறன்," என்று எழுந்தார். தன் தேநீருக்கான காசை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பாதி தின்ற பணிஸ் தட்டிலேயே இருந்தது.

மறுநாள் நேசராணி ஒன்றையும் மறைக்காமல் ஞானேஸ்வரியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீர் என்னட்டைச் சொல்லாமல் போனது பிழை."

"ஆமாங்க மேடம்."

"அந்தப் பெடியன் எழும்பிப் போனது சரி."

"ஆமாங்க."

"வேற என்ன சொல்லிப்போட்டீர்?"

"ஒண்ணுமே சொல்லல மேடம். அதுதான் வருத்தமே. அவ்வளவு தூரம் போய் ஒண்ணுமே பேசல."

ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அனுமதி என்று எதுவும் கொடுக்கவில்லை. யோசிப்போம் என்று மட்டும் சொல்லி அடுத்த வழக்கின் கோப்பைத் திறந்தார்.

அந்த வாரக் கடைசியில் நேசராணி ஸ்பிரிங்வெளிக்குப் போனாள். மாதா திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா யாகோப்பும் பக்கத்து வீட்டுக்காரரும், கோயிலுக்கு ஒலிபெருக்கி யார் பிடிப்பது என்று காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போன வருடம் யாரோ இரண்டாவதாக ஒன்றுக்குச் சொல்லிவிட, இரண்டு ஒலிபெருக்கியும் வந்து இரண்டு பாட்டை ஒரே நேரத்தில் பாடியதாம். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உண்மையான வழக்கைப் பேசக்கூடாது, சரி. ஒரு பொய் வழக்கைப் பேசினால்?

பதுளைக்குத் திரும்பியதும் ஒரு தோட்டத்தை உண்டாக்கினாள். பூங்கொடித் தோட்டம் என்று பெயர் வைத்தாள். அங்கே இரண்டு திருவிழாக் கமிட்டி. இரண்டாவது ஒலிபெருக்கியை வரவழைத்தது யார் என்பதுதான் வழக்கு. கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய மின்னஞ்சல்களை நாமே எழுதுவோம், கணினியில் போட்டு மறைப்போம், கலைப்போம், பிறகு தேடுவோம், பிரிப்போம், நகலெடுப்போம் என்று மற்றவர்களுக்கு எழுதினாள். முதல் பிரதியை ஞானேஸ்வரியின் மேசையில் வைத்தாள்.

அவர் வாசித்து முடித்து, "இதில எங்கட வழக்கின்ர மணமே வரக்கூடாது," என்றார். "ஒரு சொல் வந்தாலும் நிப்பாட்டிப்போடுவன்."

"வராதுங்க மேடம்."

"சரி. செய்யும்."

வாஹித் போன் எடுத்து, "தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு ஏது தங்கச்சி ஈமெயில்? எந்த லயத்து வீட்டுல கம்பியூட்டர் இரிக்கி?" என்று கேட்டார்.

"பூங்கொடித் தோட்டத்துல எல்லா லயத்துலயும் இருக்குங்க."

"அப்ப அந்தத் தோட்டத்துல எனக்கு ஒரு கடை போட்டுத் தாங்க," என்றார் அவர்.

சேந்தன் சில நாட்கள் பதில் எழுதவில்லை. பிறகு ஒரு வரி வந்தது: 'என் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.' அதன் கீழே, முதலாவது கமிட்டித் தலைவரின் பெயரில் அவர் எழுதிய மின்னஞ்சல் இருந்தது.

'மதிப்புக்குரிய செயலாளருக்கு, நேற்றுத் தாங்கள் அனுப்பிய கடிதத்தை நான் படிக்கவில்லை. படிக்காமலே அதன் ஒவ்வொரு வரியையும் மறுக்கிறேன்.'

நேசராணி அலுவலகத்தில் தனியாக இருந்து சிரித்தாள். இரண்டாவது கமிட்டிச் செயலாளராக ஸல்மா உடனே பதில் போட்டாள்: 'தாங்கள் படிக்காத கடிதத்தின் இரண்டாம் பந்தியைத் தாங்கள் மறுத்த விதம் எங்களுக்கு மிகுந்த வேதனை அளித்தது.' அதற்குப் பிறகு அந்த இருவரையும் பிடிக்க முடியவில்லை. பண்டாரவளையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் கடிதங்கள் பறந்தன. நான்கு சொல்லுக்கு மேல் பேசாத சேந்தனுக்குள் இவ்வளவு கோபக்காரக் கமிட்டித் தலைவர் எங்கே ஒளிந்திருந்தார் என்று நேசராணி வியந்தாள்.

இரண்டாவது கூட்டத்தில் தேநீர் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. வாஹித் ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதைச் சாதாரணமாகத் திறக்காமல், வன்வட்டில் உள்ளதை அப்படியே ஒரு பொட்டும் மாறாமல் நகலெடுப்பது எப்படி என்று காட்டினார். நேசராணியின் தேதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. மூலத்தைத் தொடவே கூடாது, நகலைத்தான் திறக்க வேண்டும். நகலும் மூலமும் ஒன்றுதானா என்று பார்க்க, கணினியே கணக்குப் போட்டு, எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். அதைத் தமிழில் என்ன சொல்வதென்று பேச்சு வந்தது. ஸல்மா 'கைரேகை எண்' என்றாள். அதை யாரும் மறுக்கவில்லை.

எதை எதிர்த்தரப்புக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பிரிப்பதை நேசராணி சொல்லிக் கொடுத்தாள். சேந்தனின் கமிட்டித் தலைவர் தன் மைத்துனருக்கு எழுதிய கடிதத்தில் தகராறு வந்தது. மைத்துனர் சட்டத்தரணிதான், ஆனால் அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தது ஆட்டிறைச்சி. இரகசியமா இல்லையா? அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு சண்டைக்காக நேசராணி எத்தனை மாதம் ஏங்கியிருந்தாள்! ரயிலில் திரும்பும்போது தெமோதரை வரை அவள் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை.

பெயர் வைப்பதில்தான் இழுபறி. சேந்தன் 'இலத்திரனியல்' என்ற சொல் இல்லாமல் பெயரே இருக்கக்கூடாது என்றார். வாஹித், "அத எழுதுற நேரத்துக்கு ரெண்டு டிஸ்க் கொப்பி பண்ணலாம்," என்றார். கடைசியில் 'ஊவா சட்டக் கணினிப் பணியாளர் வட்டம்' என்று முடிவாயிற்று. மாதம் ஒரு ஞாயிறு கூடினார்கள். வெலிமடையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முதலில் பூங்கொடித் தோட்டத்தில் ஒரு வேடம் கொடுக்கப்பட்டது.

அப்போதுதான் எல்ல விடுதி வழக்கு வாய் திறந்தது.

விடுதிக் கணினியை நகலெடுக்க வேண்டும் என்று இரு தரப்பும் கேட்டன. மற்றவர் ஆள் தொட்டால் ஏதாவது செய்துவிடுவார் என்று இரு தரப்பும் பயந்தன. ஞானேஸ்வரி நீதிமன்றத்தில் எழுந்து, நகலெடுக்கும் முறையையும் கைரேகை எண்ணையும் விளக்கி, இரண்டு தரப்பு ஆட்களும் சேர்ந்து செய்யட்டும் என்றார். தன் உதவியாளருக்கும் எதிர்த்தரப்பு உதவியாளருக்கும் அறிமுகம் உண்டு என்பதையும் அவரே முதலில் சொல்லிவிட்டார்.

பண்டாரவளைச் சட்டத்தரணிக்கு அப்போதுதான் தான் தலையாட்டியது எதற்கு என்று உறைத்தது போலிருக்கிறது. துள்ளி எழுந்தார். இவர்கள் இருவரும் மாதாமாதம் இரகசியமாகக் கூடுகிறார்கள், இது சதி, இந்த இருவரையும் நம்ப முடியாது என்றார். பின்வரிசையில் சேந்தன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேசராணி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை கஷ்டப்பட்டுக் கட்டியதெல்லாம் ஒரு வார்த்தையில் இடிந்து விழப்போகிறது என்று நினைத்தாள். வேலையும் போகலாம்.

நீதிபதி அவளைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டங்களில் என்ன பேசுவீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கொழும்பில் பழகிய சிங்களம் அவளுக்குக் கைகொடுத்தது.

"ஒரு ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசுவோம், ஐயா."

நீதிமன்றத்தில் யாரோ இருமினார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையான வழக்குகளைப் பேச முடியாததால் ஒரு பொய் வழக்கை உண்டாக்கியதையும், வேலையை அதில் பழகுவதையும் சொன்னாள். எல்லாக் கடிதங்களும் தன் பையில் அச்செடுத்து இருக்கின்றன என்றாள். நீதிபதி கையை நீட்டினார்.

தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். வயதான, கறாரான மனிதர். 'படிக்காமலே மறுக்கிறேன்' என்ற இடத்தில் அவருக்குக் குரல் தடுமாறியது. ஆட்டிறைச்சிக் கடிதத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நீதிபதி முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதில் விடுதியைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா?" என்று பண்டாரவளைச் சட்டத்தரணியிடம் கேட்டார்.

அவர் தாள்களைப் புரட்டினார். "இல்லை," என்றார்.

"கமிட்டித் தலைவரின் கடிதங்களை எழுதியது யார்?"

சேந்தன் எழுந்து நின்றார். காது வரை சிவந்திருந்தது. தன் உதவியாளரை இன்றுதான் முதல் தடவை பார்ப்பவர் போல அவருடைய சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார்.

நீதிபதி இருவரையும் சேர்த்தே நியமித்தார். எல்லாச் சட்டத்தரணிகளுக்கும் நகலெடுத்துக் கொடுப்பவர் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட வெளியாளாக வாஹித் வட்டை நகலெடுக்க வேண்டும், மற்ற இருவரும் அருகிருந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கட்டளையிட்டார். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இரண்டாவது ஒலிபெருக்கியை வரவழைத்தது யார்?" என்று கேட்டார்.

"இன்னும் கண்டுபிடிக்கவில்லை, ஐயா," என்றாள் நேசராணி.

நகலெடுத்த அன்று எல்லவில் மலைச்சரிவெல்லாம் வெயில் அடித்தது. சட்டத்தரணிகள் இருவரும் விடுதித் தோட்டத்தில் ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வாஹித் வட்டைக் கழற்றினார். கைரேகை எண்ணை நேசராணி மூலத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, சேந்தன் நகலில் விரலை வைத்துச் சரி பார்த்தார். இடையில் ஒரு எழுத்துத் தப்பி மறுபடி ஒரு தரம் தொடங்கினார்கள். கடைசி எழுத்தும் பொருந்தியதும் இருவரும் தாளில் கையெழுத்திட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு வீதியோரக் கடைக்குப் போனபோது, சேந்தன் சுவரோர மேசையில் போய் உட்கார்ந்தார். நேசராணி வாசலோர மேசையில் உட்கார்ந்தாள். வழக்கு முடியும்வரை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இருவருக்குமே தெரியும். வாஹித் நடு மேசையில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மிஸ்டர் சேந்தன், பருப்பு நல்லா இரிக்கின்டு அங்க சொல்லவா?"

"வழக்கில பருப்பு இல்லைத்தானே. சொல்லுங்கோ," என்றார் சேந்தன்.

நேசராணிக்குச் சோறு புரையேறியது.

அந்த நகலிலிருந்த மின்னஞ்சல்களை இரு தரப்பும் ஒரே நேரத்தில் படித்தன. ஒளிக்க ஒன்றுமில்லை என்றானதும் சண்டைக்கும் வலு குறைந்தது. அடுத்த பயணிகள் காலம் தொடங்குமுன் பங்காளிகள் இணங்கிப் பிரிந்துகொண்டார்கள். அந்தச் செய்தி வந்த மாதத்துக் கூட்டத்தில், தேநீர்க்கடை மேல்மாடியில் சேந்தன், வழக்கு முடியும்வரை தனியாக உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்திலிருந்து தன் கோப்பையையும் பணிஸ் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நேசராணிக்கு எதிரில் உட்கார்ந்தார். வெளியே பண்டாரவளை மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஸல்மா புதிதாக வந்தவர்களுக்கு ஆட்டிறைச்சிக் கடிதத்தைக் கொடுத்து, இரகசியமா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஏற்கெனவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.